பாதிரி பிளாக் செய்த வேலை

1. தீர்ந்துபோன பேப்பர்

எங்கள் மாலைப் பத்திரிகை ஒருநாள் கடைசிப் பிரதி வரை விற்றுத் தீர்ந்தது. வேறு ஆபீசாக இருந்தால் இனிப்பு வாங்கியிருப்பார்கள். எனக்கோ சந்தேகம்தான் வந்தது. எங்கள் பேப்பர் சாதாரணமாகத் தீராது. பாதிக்கு மேல் திரும்பி வந்து, எங்கள் மதியச் சாப்பாட்டுக்கு விரிப்பாக உதவும்.

எண்பதுகளின் பின்பாதி அது. பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஆபீஸ், பின்பக்கம் அச்சகம். சுட்ட பாவ் ரொட்டி வாசனையும் அச்சு மை வாசனையும் கலந்து அடிக்கும் அந்த அறையில் உட்கார்ந்து, ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. மேஜையில் ஃபேன் கிடையாது, ஃபேன் போட்டால் காகிதம் பறக்கும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அண்ணாச்சி என்றால் எங்கள் முதலாளி, அவரேதான் ஆசிரியர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

அன்று புதன்கிழமை. படியேறும்போது பேக்கரிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "க்யா மேடம், ஆப்கா தாராவிவாலா பாஸ்டர் பக்டா கயா?"

எந்த பாஸ்டர், எங்கே பிடிபட்டார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுதியது அமெரிக்கச் செய்தி. அங்கே டி.வி.யில் பிரசங்கம் செய்து பெரும்பேர் வாங்கிய ஒரு போதகர், ஒரு பெண்ணோடு ஓட்டல் அறையில் இருந்தது தெரியவந்து, ஊழியத்தை விட்டு விலகினார். ஊரில் இருக்கும் இங்கிலீஷ் பேப்பர்கள் எல்லாம் அதைத்தான் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தன. நானும் அளவாக எழுதி, 'அமெரிக்க டி.வி. போதகர் விலகல்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு இரண்டே முக்கால் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

மேலே போய் முந்தின நாள் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். தலைப்பு மாறியிருந்தது. 'லாட்ஜில் அழகியுடன் சிக்கினார் போதகர்!' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு படம். படத்தில் இருந்தவர் தாராவி பாஸ்டர் ஞானமுத்து.

2. குடைக்காரரும் பாஸ்டரும்

ஆஃப்செட் வந்த பிறகு பத்திரிகைக்கு வந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கினால்தான் புரியும். அப்போது எங்களிடம் இருந்தது எழுத்துக் கோக்கும் அச்சகம். ஒரு படம் போட வேண்டுமென்றால் அதைத் துத்தநாகத் தகட்டில் அச்சாகப் பதித்து, மரக்கட்டையில் அறைந்து தருவார்கள், அதுதான் பிளாக். செலவு பிடிக்கும் வேலை என்பதால் ஒருமுறை எடுத்த பிளாக்கைத் தூக்கிப் போட மாட்டோம். மந்திரி, சினிமா, கிரிக்கெட், தேர், விபத்து என்று அறை அறையாகத் தடுத்த ஒரு மரப்பெட்டி இருந்தது. படம் இல்லாத செய்திக்கு அந்தப் பெட்டியிலிருந்து பொருத்தமாக ஒன்றை எடுத்து ஓட்டையை அடைப்பார்கள்.

எந்த வருஷம் மழை வந்தாலும் குர்லாவில் முழங்கால் தண்ணீரில் ஒருவர் குடையோடு நிற்கும் படம்தான் போடுவோம். பாவம், அந்த மனிதர் வருஷா வருஷம் எங்கள் பத்திரிகையில் நனைந்தார். இதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை.

'பாதிரி' என்று எழுதிய அறையில் ஒரே ஒரு பிளாக் இருந்தது. பாஸ்டர் ஞானமுத்துவின் சபை எப்போதோ நடத்திய கன்வென்ஷனுக்கு விளம்பரம் வந்தபோது எடுத்தது. கோட்டு மாட்டி, மைக் முன்னால் வாயைத் திறந்து, வலது கையைத் தூக்கிப் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார். அந்தத் தலைப்புக்குக் கீழே பார்த்தால், லாட்ஜ் வாசலில் மாட்டிக்கொண்டு, கேமராவை மறைக்கக் கையைத் தூக்கியது போலவே இருந்தது.

ஃபோர்மேன் மைதீன் பாயிடம் போய்க் கத்தினேன். கடையநல்லூர்க்காரர், நல்ல மனிதர், பக்கம் கட்டுவதில் கெட்டிக்காரர்.

"யம்மா, நீங்கதான போதகர்னு எழுதியிருந்தீங்க. நம்மட்ட இருக்கற ஒரே போதகர் இவருதான். நான் என்ன கிரிக்கெட் ஆட்டக்காரனையா தூக்கி வச்சேன்?"

"படத்துக்குக் கீழே ஒரு பேராவது போட்டிருக்கலாம் இல்லையா பாய்?"

"எந்தப் பேரைப் போட? அமெரிக்காக்காரன் பேரை இவரு மூஞ்சிக்குக் கீழ போட்டா அதுவும் தப்புல்லா?"

அண்ணாச்சியிடம் போனேன். தலைப்பில் இருந்த அமெரிக்கா எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"தலைப்புல ஊர் பேரைப் போட்டா அவன் வாங்க மாட்டாம்மா. ஊர்தான் உள்ள முதல் வரியிலயே இருக்குல்லா? வாங்கினவன் படிச்சுக்கிடட்டும்."

வாங்கினவன் படிப்பான் என்று அண்ணாச்சி நம்பினார். அங்கேதான் கோளாறு. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் எங்கள் பேப்பரை வாங்கும் வீடுகளில் அப்பா தமிழ் படிப்பார். பிள்ளைகள் முனிசிபல் ஸ்கூலில் இந்தியும் மராத்தியும் படித்தவர்கள், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். கொட்டை எழுத்தைக் கூட்டுவார்கள், படத்தைப் பார்ப்பார்கள், அதோடு சரி. சயான் ஸ்டேஷன் வாசலில் எங்கள் பேப்பரை விற்றவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. படத்தை மட்டும் தூக்கிக் காட்டி, "பாஸ்டர் பக்டா கயா!" என்று கூவியே தீர்த்திருக்கிறார்.

3. பாஸ்டரம்மா வந்தார்

பதினோரு மணிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வந்துவிட்டார்கள். பாஸ்டர் முன்னால் வந்து, "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று கைகூப்பினார். முகம் வாடிப்போயிருந்தது. பின்னால் வந்த பாஸ்டரம்மா சாராள் கைகூப்பவில்லை. கழுத்தில் டெய்லர் டேப் தொங்க, தைத்துக்கொண்டிருந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர்.

பேப்பரை என் மேஜையில் விரித்து, புருஷனைக் கையால் காட்டினார்.

"ஏன் சிஸ்டர், அழகியாம்லா அழகி! இவ்வொ அன்னைக்கு எங்க இருந்தாவ தெரியுமா? மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில நின்னாவ. அதையும் கேனை மாத்தித் தூக்கிட்டு வந்தாவ. இவ்வொளை நம்பி எந்த அழகி வருவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்டருக்கு வரவில்லை.

"சாரா, கொஞ்சம் சும்மா இரு. சிஸ்டர், நான் பாஸ்போர்ட் கூட எடுத்ததில்ல. நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி கூடுது. அது நான் இல்லன்னு சொன்னா, படத்தைத் தூக்கிக் காட்டுறாங்க. நான் சபையை விட்டு விலகணும்னு பேசிட்டாங்க. நாங்க இருக்கறது சபை ரூம்லதான். விலகுனா வீட்டையும் காலி பண்ணணும்."

மைதீன் பாய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார், சாயா வரவழைத்தார். அண்ணாச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "திருத்தம் போட்டுருவோம் பாஸ்டர், இன்னைக்கே போட்டுருவோம்" என்றார்.

சாயாவைக் குடித்துக்கொண்டே பாஸ்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா சிஸ்டர்? படத்துல இருக்கறது நான்னு உங்களுக்குத் தெரியாம நடந்துபோச்சு, சரி. நெசமாவே என் மேல இப்பிடி ஒரு புகார் வந்திருந்தா, போடுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பொய் சொல்ல மனசு வரவில்லை. சாமியார், மௌலவி, போதகர் யார் மாட்டினாலும் எங்கள் ஆபீசில் முதலில் எழும் கேள்வி 'படம் இருக்கா?' என்பதுதான். அவரைக் கேட்டுவிட்டீர்களா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"நெசத்தைச் சொன்னீங்களே, அது போதும்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குத் திட்டு வாங்கியதைவிட அதிகமாக உறைத்தது.

4. இவர் அவர் அல்ல

அன்று மாலை திருத்தம் வந்தது. மூன்றாம் பக்கம், ராசிபலனுக்கும் எவர்சில்வர் பாத்திர விளம்பரத்துக்கும் நடுவில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். அதை யார் படித்தார்கள் என்றால் நான் படித்தேன், மைதீன் பாய் புரூஃப் பார்த்தார். மூன்றாவது ஆள் கிடையாது.

வியாழக்கிழமை நான் சண்டை போட்டு முதல் பக்கத்தில் இடம் வாங்கினேன். அதே இடம், அதே அளவு. அதே படத்தைப் போட்டு, மேலே 'இவர் அவர் அல்ல' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. நியாயத்தை நிலைநாட்டிவிட்ட நினைப்பில் வீட்டுக்குப் போனேன்.

சயான் ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. அதே படத்தைப் பார்த்த நம் பேப்பர் விற்கும் ஆள், மறுபடியும் பிடிபட்டுவிட்டதாக, "பாஸ்டர் ஃபிர் ஸே பக்டா கயா!" என்று கூவியிருக்கிறார். அன்றைக்கும் பேப்பர் தீர்ந்துவிட்டது. ஒருமுறை தவறியவர் என்று நினைத்த ஜனம், இப்போது பாஸ்டருக்கு இதே வேலை என்று முடிவு கட்டியது. சபையின் கமிட்டித் தலைவர் துரைப்பாண்டி இரண்டு பேப்பரையும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாராம்.

அண்ணாச்சிக்கு விற்பனையில் சந்தோஷம், ஆனால் அவரும் மனிதர்தானே. "பாவம்மா அந்த ஆளு. நாம வாயைத் திறக்கத் திறக்க அவருக்குல்லா அடி விழுது" என்றார்.

5. குழாயடி

அந்த வெள்ளிக்கிழமை காலையே ஆபீசிலிருந்து நேரே தாராவிக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் பெண்கள் வரிசை, நடுவில் ஒரே ஒரு ஆண்பிள்ளை, பாஸ்டர். இரண்டு ஹண்டாக் குடங்களைக் காலடியில் வைத்துக்கொண்டு ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தபடி நின்றார். பாஸ்டரம்மா விடிந்ததும் மெஷினில் உட்கார்ந்துவிடுவதால் வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்பது எப்போதும் அவர் வேலையாம்.

ஒரு பெண் குரல் கொடுத்தாள். "என்ன பாஸ்டர், அமெரிக்காவுல தண்ணி வரலியோ? இங்க வந்து நிக்கீங்க?"

இன்னொருத்தி, "அழகி எங்க பாஸ்டர்? ஒரு குடம் அவ தூக்கக் கூடாதா?" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. பாஸ்டரும் அன்றைக்குத்தான் லேசாகச் சிரித்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பெண்களில் ஒருத்திகூட அந்தப் பேப்பரை நம்பவில்லை! நான்கு தெரு தள்ளி இருப்பவர்கள் நம்பினார்கள், கமிட்டி நம்பியது. தினமும் இந்த மனிதர் தண்ணீர் சுமப்பதைப் பார்க்கிறவர்களுக்கு யாரும் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். படம் செய்த வேலையைப் படம்தான் மாற்ற வேண்டும், எழுத்து எத்தனை போட்டாலும் நடக்காது. பஸ் பிடித்து செம்பூருக்குப் போய், எங்களுக்கு எப்போதாவது படம் எடுத்துத் தரும் ஸ்டூடியோக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

பாஸ்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "குடம் தூக்குற படமா? நான் ஊழியக்காரன் சிஸ்டர். கோட்டு இருக்கு, போட்டுட்டு வாரேன். பைபிளோட எடுங்க."

"கோட்டும் மைக்குமாத்தான முதல் படத்துல இருந்தீங்க? என்ன ஆச்சு?" என்றேன்.

பாஸ்டரம்மா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "ஏன், நீங்க குடம் தூக்குறது பொய்யா? தூக்குங்க."

தூக்கினார். தோளில் ஹண்டா, மடித்துக் கட்டிய லுங்கி, இடுப்பில் துண்டு. தண்ணீர் தளும்பி வாசலில் காயப்போட்டிருந்த யூனிஃபார்ம் துணிமேல் கொட்டியது. "பாத்து வரக் கூடாதா? எத்தனை தடவை சொல்லுதேன்!" என்று பாஸ்டரம்மா விரலை நீட்டி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அது நடிப்பே இல்லை. அதே நொடியில் ஸ்டூடியோக்காரர் பட்டனை அமுக்கினார்.

பிளாக் சனிக்கிழமை மதியம் வந்தது. மைதீன் பாய் ஈரப் புரூஃபைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "யம்மா, இது எங்க வீட்டுப் படம்லா!" என்றார். தலைப்பு நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை போட்ட அதே கொட்டை எழுத்தில், அதே இடத்தில் போடச் சொன்னார். 'மனைவியிடம் சிக்கினார் போதகர்!' கீழே படம். அதற்கும் கீழே, பாஸ்டரின் பேர், ஊர், நாங்கள் செய்த தப்பு, எல்லாம் பெரிய எழுத்தில்.

அன்று மாலை நானே சயான் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். நம் ஆள் படத்தைப் பார்த்தார், ஒருமுறை தலையைச் சொறிந்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தபடி கூவினார். "அரே, பாஸ்டர் பீவி கே ஹாத் பக்டா கயா!" பெண்டாட்டி கையில் பிடிபட்டாராம். வாங்கியவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். பிளாட்பாரத்தில் ஒருவர் அந்தப் பேப்பரைத் தன் பெண்டாட்டியிடம் காட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்ததையும் பார்த்தேன்.

6. ஞாயிற்றுக்கிழமை

ஆராதனைக்கு நானும் போனேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து கோயிலைத் தவிர வேறெங்கும் போகாதவள், ஒரு மாடி ஹாலில் பாயில் உட்கார்ந்து, எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று பக்கத்து அம்மாவைப் பார்த்துப் பார்த்து எழுந்தேன்.

ஆராதனை முடிந்ததும் யாரும் கலையவில்லை. துரைப்பாண்டி மூன்று பேப்பரையும் மேஜைமேல் வைத்தார். பம்பாயிலேயே பிறந்தவர். தமிழில் ஜெபிப்பார், பாடுவார், படிப்பது மட்டும் அவருக்குக் கஷ்டம்.

"நேத்து வந்த படம் நல்லாருக்கு, நானும் சிரிச்சேன். ஆனா முதல்ல வந்த நியூஸ் என்ன? ஃபைசலா, முடிவு, அதை வச்சுத்தான் பண்ணணும். மேடம், நீங்கதான எழுதுனது? பூரா படிங்க."

படித்தேன். "அமெரிக்காவில் தொலைக்காட்சி வழியாகப் பிரசங்கம் செய்துவந்த..." என்று தொடங்கியதுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அரே, முதல் வரியிலயே அமெரிக்கா இருக்கே!"

"இருக்கு."

"நாங்க படம்தான் பாத்தோம் மேடம்" என்றார். சொல்லிவிட்டு பாஸ்டர் பக்கம் திரும்பி, அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். கமிட்டி அதோடு முடிந்தது. பின்னால் யாரோ "அல்லேலூயா" என்றார்கள். பாஸ்டரம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

எல்லாரும் எழுந்திருக்கும்போது பாஸ்டர் உட்காரச் சொன்னார்.

"அந்த அமெரிக்க மனுஷன் செஞ்சது தப்பு. மறைக்கணும்னு நான் சொல்லல. பேப்பர்ல வரட்டும், வரத்தான் வேணும். பெரிய மைக்குல பேசுறவன் தப்பு பெரிய எழுத்துல வந்தா அதுல அநியாயம் இல்ல. ஆனா இந்த வாரம் முழுக்க எங்க வீட்டுல நடந்தது, அவரு சம்சாரம் வீட்டுல நெசமாவே நடந்துட்டிருக்கும். அவங்களும் கடைக்குப் போகணும், நாலு பேரு பாப்பாங்க. அந்தப் பொண்ணுக்கும் ஒரு வீடு இருக்கும். எனக்கு சிஸ்டர் வந்து திருத்தம் போட்டாங்க. அவங்களுக்கு யாரு போடுவா? அவங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபிப்போம்."

அந்தச் செய்தியை ஒரு வாரமாக எத்தனை பேப்பரில் படித்திருப்பேன்! நானே எழுதியும் இருக்கிறேன். அந்த மனைவிக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிறிஸ்தவ ஜெபம் எனக்குத் தெரியாது, கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

7. அந்த பிளாக்

திங்கட்கிழமை பாஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டார். அந்தப் பழைய பிளாக் தனக்கு வேண்டும் என்றார். "நம்மட்ட பாதிரியே இல்லாமப் போயிருமே" என்று மைதீன் பாய் முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அந்த வருஷம் மழை பிடித்தபோது அவர் வழக்கம்போலக் குடைக்காரர் பிளாக்கை எடுத்தார், கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார், பிறகு பெட்டியிலேயே போட்டுவிட்டார். "யம்மா, இவரு வீட்டுல என்ன நினைப்பாங்களோ. புதுசா ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க" என்றார். பல வருஷம் நனைந்த மனிதருக்கு அன்றுதான் விடுதலை.

அதற்குப் பிறகு எங்கள் பம்பாயிலேயே நிஜமான புகார்கள் வந்தன, போதகர்கள் மேலும் வந்தன. போட்டோம். ஒன்றையும் அமுக்கவில்லை. ஆனால் நான் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவேன், ஒரு வார்த்தை கேட்பேன், கதவைத் திறந்த மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். ஊர் பேரைத் தலைப்பிலேயே வைப்பேன். எழுதியதைப் படிக்கத் தெரியாதவர் கையில் இந்தப் பக்கம் போனால் என்ன புரிந்துகொள்வார் என்று ஒருமுறை பார்ப்பேன். என்னிடம் வேலை கற்க வந்த எல்லாரையும் இதைச் சொல்லிச் சொல்லியே கழுத்தறுத்திருக்கிறேன்.

பாஸ்டர் வீட்டுக்கு நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன். ஒருநாள் சாயா போடப் பாஸ்டரம்மா பால் பாத்திரத்தை எடுத்தார். பூனை தள்ளிவிடாமல் இருக்க மூடிமேல் பாரம் வைத்திருந்தது. என்ன பாரம் என்று குனிந்து பார்த்தேன். மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகடு. அதில் கையைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, பாஸ்டர்.

"பேப்பர்ல இருந்தப்போ இவ்வொ என்ன பாடு படுத்துனாவ" என்றார் பாஸ்டரம்மா, பிளாக்கைத் தூக்கி ஓரமாக வைத்தபடி. "இங்க வந்த பொறவு ஒருநாள்கூடப் பூனை பால்ல வாய் வச்சதில்ல."